தோற்கிற அணிக்கு எதற்கு ஜெர்சி?

கேள்வி: அமெரிக்காவில் கால்டெக் என்ற அறிவியல், பொறியியல் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி 26 வருஷம் தொடர்ந்து தோற்றதாமே, நிஜமா? அப்படி ஓர் அணியை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

பதில்: பாதி நிஜம். அது லீக் ஆட்டக் கணக்கு மட்டும்தான், அதாவது வட்டாரக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் போட்டிகள். 1985 ஜனவரியில் லீக்கில் ஒரு ஆட்டம் ஜெயித்தார்கள், அடுத்த வெற்றி 2011 பிப்ரவரி 22-ல், நடுவில் வரிசையாக 310 தோல்வி. லீக்குக்கு வெளியேயும் நிலைமை மோசம்தான், ஆனாலும் 2007-ல் பார்ட் கல்லூரியை 81-52 என்று புரட்டி எடுத்திருக்கிறார்கள்.

ஏன் தோற்றார்கள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இளநிலையில் மொத்தமே ஏறக்குறைய ஆயிரம் பேர், பந்து நன்றாகப் போடுகிறான் என்பதற்காக யாருக்கும் அட்மிஷன் தளர்த்தப்படாது. அதனால் பள்ளிக்கூட அணியிலேயே ஆடாத பையன்கள் பலர் இங்கே வந்து பல்கலைக்கழக ஜெர்சி போட்டுக்கொண்டு, எட்டு வயதிலிருந்தே பந்தோடு வளர்ந்தவர்களை எதிர்த்து நின்றார்கள். என்னைக் கேட்டால் அணியை வைத்திருக்க இதுவே போதும். வேறு இடத்தில் படித்திருந்தால் இவர்கள் கேலரியில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

அந்த 2011 ஆட்டம் சீசனின் கடைசி ஆட்டம், அதுவும் சொந்தக் களத்தில். எதிரே ஆக்ஸிடென்டல் கல்லூரி. 45-45 என்று இழுபறியில் நிற்க, 3.3 விநாடி பாக்கி இருக்கும்போது கடைசி வருஷ மாணவர் ஒருவர் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் போடும் ஒரு பாயின்ட் வீச்சு) போட்டார், 46-45. ஒரே ஒரு பாயின்ட்!

இதை வைத்து, பொறியியல் படிக்கிறவர்களுக்கு ஆட்டம் வராது என்று முடிவுகட்ட வேண்டாம். இதே மாதிரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடி 2012-ல் கூடைப்பந்தில், தேசிய அளவில் மூன்றாம் டிவிஷன் (கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் கடைசி) அரையிறுதி வரை போனது. ஆனால் அங்கே மாணவர்கள் நாலு மடங்குக்கும் மேல்.

கேள்வி: இங்கெல்லாம் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. கால்டெக், எம்ஐடி இரண்டும் மூன்றாம் டிவிஷன், அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரக் கூடாது என்பதே விதி. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி தனி, அதற்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை. கோச்சுக்குப் பிடித்துப்போனால் ஒரு நல்ல வார்த்தை சொல்வார், அவ்வளவுதான், முடிவு அட்மிஷன் அலுவலகத்தின் கையில்.

கேள்வி: கால்டெக்கில் அமெரிக்கன் ஃபுட்பால் உண்டா?

பதில்: இருந்தது, 1993-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஆடாமலேயே பேர் வாங்கிய கதை ஒன்று உண்டு. 1961-ல் ரோஸ் பௌல் என்ற பிரபலமான கல்லூரி ஃபுட்பால் ஆட்டம், மோதியது வாஷிங்டன், மினசோட்டா பல்கலைக்கழகங்கள். வாஷிங்டன் ரசிகர்கள் வண்ண அட்டை தூக்கி எழுத்துக் காட்டுவதற்காக வைத்திருந்த குறிப்புத் தாள்களைக் கால்டெக் மாணவர்கள் ரகசியமாக மாற்றிவிட்டார்கள். அப்புறம் என்ன, டிவி ஓடிக்கொண்டிருக்க, வாஷிங்டன்காரர்களே தங்கள் கையால் 'கால்டெக்' என்று காட்டினார்கள்.