கழுத்து அறுவை சிகிச்சை: விழித்த நிலையில் டியூப் எதற்கு?

கேள்வி: கழுத்தெலும்பு ஜவ்வு விலகித் தண்டுவடத்தை அழுத்துவதால் என் தந்தைக்கு அறுவை சிகிச்சை செய்யவிருக்கிறார்கள். மயக்கம் கொடுப்பதற்கு முன், விழித்திருக்கும்போதே மூச்சுக்குழாயில் டியூப் செலுத்தப் போவதாக மயக்கவியல் மருத்துவர் சொல்கிறார். இதே சிகிச்சை பெற்ற உறவினருக்கோ, தூங்கவைத்த பிறகு கேமரா கருவியால் செலுத்தினார்களாம். எது பாதுகாப்பானது?

பதில்: டியூப் செலுத்தும்போது தொண்டைக்குள் பார்க்க உதவும் கருவி லாரிங்கோஸ்கோப். அதன் வழக்கமான வகையால் நாக்கைத் தூக்கி, டியூப் நுழையும் வழியிலுள்ள குரல்நாண்களை நேராகப் பார்க்க, தலையைப் பின்னோக்கிச் சாய்க்க வேண்டியிருக்கிறது, அந்த அசைவில் பெரும்பகுதி மண்டையோட்டின் அடிப்பகுதிக்கும் முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கும் இடையே நிகழ்கிறது. நல்ல கழுத்து இதை எளிதில் தாங்கிக்கொள்ளும். தண்டுவடம் ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கும் கழுத்தில் அந்தச் சாய்ப்பை இயன்றவரை தவிர்க்கவே நாங்கள் விரும்புகிறோம்.

வீடியோ லாரிங்கோஸ்கோப்பின் நுனியருகே கேமரா இருப்பதால் வளைவுக்கு அப்பால் இருப்பதும் திரையில் தெரிகிறது. கழுத்தின் அசைவு குறைகிறது, ஆனால் முற்றிலும் இல்லாமல் போவதில்லை. அதனால்தான் உதவியாளர் ஒருவர் இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்கிறார். பென்சிலைவிட மெல்லிய, வளைந்து செல்லும், ஒளியிழை வழியே உள்ளே பார்க்க உதவும் ஃபைபர் ஆப்டிக் கருவிக்குக் கழுத்தை அசைக்கும் தேவை மிகக் குறைவு. நேரம் மட்டும் கூடுதலாகும்.

உங்கள் தந்தைக்குச் சொல்லப்பட்ட முறையின் தனிச்சிறப்பு வேறொன்று. லிக்னோகெய்ன் மருந்தால் தொண்டையை மரத்துப்போகச் செய்து, அவர் தாமாகவே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே டியூபைச் செலுத்துவார்கள். அது குரல்நாண்களுக்கு நடுவே இருப்பதால் அவரால் பேச முடியாது. ஆனால் "என் விரலை அழுத்துங்கள், கால்களை அசையுங்கள்" என்று மருத்துவர் கேட்கும்போது அவர் அதைச் செய்வார். நரம்புகளுக்கு ஊறு நேரவில்லை என்பதை இப்படி உறுதிசெய்துகொண்ட பின்னரே மயக்க மருந்து ஏறும். லேசான தூக்க மருந்தும் சேர்த்துக் கொடுப்பதால் பலருக்கு இந்த நிமிடங்கள் சரியாக நினைவில் நிற்பதில்லை.

ஆனாலும், இந்த முறைகளில் ஒன்றுதான் நரம்புப் பாதிப்பைத் தெளிவாகக் குறைக்கிறது என்று ஆய்வுகள் நிறுவவில்லை. அத்தகைய பாதிப்பே அரிது என்பதால் ஒப்பிட்டுச் சொல்வது கடினம். எனவே உறவினருக்குச் செய்ததும் தவறன்று. கருவியின் பெயரைவிட, அதில் மருத்துவருக்குள்ள கைப்பழக்கமும், மயக்கத்தின்போது ரத்த அழுத்தம் தாழாமல் காப்பதும் முக்கியம் என்பதே என் உறுதியான கருத்து.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கழுத்தை எந்தப் பக்கம் சாய்த்தால் கைகால்களில் மரத்துப்போதலோ மின்சாரம் பாய்வது போன்ற உணர்வோ வருகிறது என்பதைத் தந்தையிடம் கேட்டு, ஆடும் பற்கள் இருந்தால் அதையும் சேர்த்து, மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.