சிவப்பணுவின் தோலைப் போர்த்திக்கொண்ட மருந்து: வாசகர் கேள்வி–பதில்

கே: மருந்து ஏற்றிய நானோ துகளுக்குப் பெக் பூச்சு ஏற்கெனவே இருக்கிறதே, சிவப்பணுச் சவ்வை உரித்துப் பூசுவது எதற்கு?

ப: பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) என்பது துகளைச் சுற்றித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் வேலி. புரதங்கள் ஒட்டவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். அதற்கு எதிராகவே உடல் எதிர்ப்புரதம் உண்டாக்குவதும் உண்டு. சிவப்பணுச் சவ்வில் சிடி47 என்ற புரதம் இருக்கிறது. விழுங்கு செல் வந்து தொட்டால், 'நான் நம்மாள், விட்டுவிடு' என்று அது சொல்லும். மனிதச் சிவப்பணு 120 நாள் வரை ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லியாங்ஃபாங் ஜாங் குழு 2011இல் இதைச் செய்து காட்டியது. எலியின் இரத்தத்தில் அரை ஆயுள் பெக் துகளுக்கு 15.8 மணி, சவ்வு பூசியதற்கு 39.6 மணி. ஆனால் அதுவும் கடைசியில் பெருமளவு கல்லீரலிலும் மண்ணீரலிலும்தான் போய்ச் சேர்கிறது. தாமதப்படுத்தலாம், தப்பிக்க முடியாது.

கே: முதல் முறையாகச் செய்யப்போகிறேன். படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ப: இரத்தத்தை உறையாமல் எடுத்து, 4 டிகிரியில் மையவிலக்கியில் 800 ஜி (புவியீர்ப்பைப் போல் 800 மடங்கு) விசையில் 5 நிமிடம் சுற்றுங்கள். மேலே நிற்கும் பிளாஸ்மாவோடு வெள்ளணுப் படலத்தையும் முழுக்க உறிஞ்சி எடுங்கள். சிவப்பணு கொஞ்சம் போனாலும் பரவாயில்லை. வெள்ளணு தங்கினால் அதன் நொதிகள் சவ்வுப் புரதத்தைத் தின்றுவிடும். ஐஸ் குளிர் பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) மூன்று முறை கழுவுங்கள்.

அடுத்து கால் பங்குச் செறிவுள்ள பிபிஎஸ்ஸில் போட்டு 20 நிமிடம் ஐஸில் வையுங்கள். அணு உப்பி, ஹீமோகுளோபின் வெளியேறும். 15,000 ஜியில் 7 நிமிடம் சுற்றினால் சவ்வு அடியில் படியும். படிவு வெளிர் ரோஸ் நிறத்துக்கு வரும்வரை கழுவ வேண்டும், சிவப்பாக இருந்தால் வேலை முடியவில்லை. தளர்ந்த படிவுக்கு அடியில் சில சமயம் பொட்டு மாதிரி கெட்டியாக ஒன்று ஒட்டியிருக்கும். குழாயைச் சாய்த்து அதை எடுத்து எறியுங்கள், நொதிகள் குடியிருப்பது அங்கேதான். சவ்வைக் குளியல் சோனிகேட்டரில் (ஒலி அதிர்வுத் தொட்டி) 5 நிமிடம் வைத்து, எக்ஸ்ட்ரூடரில் (இரண்டு சிரிஞ்சுகளுக்கு நடுவே வடிதாள் வைத்த கருவி) முதலில் 400 நானோமீட்டர், பிறகு 100 நானோமீட்டர் பாலிகார்பனேட் வடிதாள் வழியாகத் தள்ளினால் சிறு குமிழிகள் கிடைக்கும்.

உட்கருவுக்கு, அதாவது சவ்வு பூச வேண்டிய நடுத்துகளுக்கு, 1 மில்லிகிராம் பிஎல்ஜிஏ என்ற பாலிமரை (முனையில் கார்பாக்சில் உள்ள வகை) 1 மில்லி அசிட்டோனில் கரைத்து, கிளறிக்கொண்டிருக்கும் 3 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சுமார் 70 நானோமீட்டர் துகள் வரும். அசிட்டோன் முழுக்கப் போக வேண்டும், மிஞ்சினால் சவ்வும் கெடும், வடிதாளும் கெடும். குமிழியையும் உட்கருவையும் கலந்து 100 நானோமீட்டர் வடிதாளில் 11 முறை தள்ளுங்கள். ஏன் ஒற்றைப்படை? தள்ளியது எதிர்ச் சிரிஞ்சில் வந்து நிற்கும், வடிபடாத கசடு ஆரம்பித்த பக்கமே தங்கிவிடும். பூச்சு ஏறும்வரை உட்கருவோடு உப்பு சேர்க்காதீர்கள், பூசாத உட்கரு உப்பில் திரிந்துவிடும்.

கே: துகள் 70இலிருந்து 85 நானோமீட்டர் ஆகிவிட்டது. பூச்சு ஏறிவிட்டது என்று எழுதலாமா? பிபிஎஸ்ஸில் விட்டால் மட்டும் பால் மாதிரி வெளுத்துக் கட்டியாகிறது.

ப: எழுதாதீர்கள். பக்கத்துக்கு 7, 8 நானோமீட்டர் என்று கணக்கு ஒத்துப்போவது உண்மைதான். ஆனால் வெறும் உட்கருவும் வெறும் குமிழியும் தனித்தனியே மிதந்தாலும் துகளின் அளவைக் காட்டும் ஒளிச்சிதறல் கருவி சராசரியில் அதே எண்ணைக் காட்டக்கூடும். உங்கள் பிபிஎஸ்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறது. பல துகள்கள் அம்மணமாக நிற்கின்றன!

முதல் சந்தேகம், சவ்வு போதவில்லை. 1 மில்லிகிராம் பிஎல்ஜிஏவுக்குக் குறைந்தது 100 மைக்ரோலிட்டர் இரத்தத்தின் சவ்வாவது வேண்டும், கழுவும்போது வீணாவதைச் சேர்த்தால் இன்னும் கூட. இரண்டாவது, உட்கருவின் மின்சுமை. கைட்டோசான் போல நேர்மின் உட்கரு எடுத்தால், எதிர்மின் சவ்வோடு இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்று திரளும். உட்கருவும் எதிர்மின்னாக இருந்தால், சயாலிக் அமிலம் (எதிர்மின் சர்க்கரை) நிறைந்த சவ்வின் வெளிப்பக்கம் அதைத் தள்ளிவிட்டுச் சரியாக வெளியே பார்த்து நிற்கும். சிடி47 வெளியே தெரிவது அப்படித்தான்.

நிரூபணத்துக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம், ஜீட்டா மதிப்பு (துகள் மேற்பரப்பின் மின்னழுத்தம்), சவ்வுப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல், சிடி47க்கு வெஸ்டர்ன் பிளாட் (குறிப்பிட்ட புரதத்தைக் கண்டறியும் சோதனை) எல்லாம் வேண்டும். அவை இருந்தும் போதாது என்பது என் கருத்து. 2021இல் கிழக்கு ஃபின்லாந்துப் பல்கலைக்கழகத்தார் ஒளிரும் சாயத்தை அணைத்துப் பார்க்கும் சோதனை (பூச்சில் ஓட்டை இருந்தால் உட்கருவின் சாயம் அணையும்) நடத்தி, தங்கள் துகள்களில் 90 விழுக்காடு வரை அரைகுறைப் பூச்சுதான் என்று கண்டார்கள். அழகான ஒரே ஒரு துகளின் படத்தைப் போட்டு முடிக்கும் கட்டுரைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள்.

கே: இது தானாகவே புற்றுக்கட்டியைத் தேடிப்போகுமா?

ப: போகாது. சிவப்பணுச் சவ்வில் முகவரி எதுவும் எழுதியில்லை, நேரம் மட்டும் கிடைக்கிறது. முகவரி வேண்டுமானால் ஃபோலேட் (பல புற்றுச்செல்கள் பற்றிக்கொள்ளும் வைட்டமின்) கட்டிய கொழுப்பு மூலக்கூறைச் சவ்வில் செருகலாம். கொழுப்பு வால் தானே உள்ளே போய் உட்காரும், புரதத்தில் கைவைக்க வேண்டியதில்லை. இல்லையென்றால் சவ்வையே மாற்றலாம். காயம்பட்ட இரத்தக்குழாயை நாடும் தட்டணு, தன்னினச் செல்லோடு ஒட்டும் புற்றுச்செல் இரண்டும் சோதிக்கப்பட்டவை. புற்றுச்செல்லுக்குள் நியூக்ளியஸ் உண்டு என்பதால் டிஎன்ஏவை நீக்குவது கூடுதல் வேலை.

கே: எவ்வளவு நாள் வைக்கலாம்?

ப: சில நாள்களுக்கு 4 டிகிரி போதும். நீண்ட நாளென்றால் சுக்ரோஸ் சேர்த்து உறைய வைத்து உலர்த்துங்கள். சர்க்கரை இல்லாமல் ஃப்ரீசரில் வைத்தால் பனிப்படிகம் சவ்வைக் கிழிக்கும். கிருமி நீக்க ஆட்டோகிளேவ் கூடாது, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். இரத்தம் எடுக்கும் கட்டத்திலிருந்தே சுத்தமாகச் செய்தால்தான் அதிலும் பலன், ஏனென்றால் பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு அந்த வடிகட்டியில் நிற்காது.