வீட்டுக்குப் பக்கத்தில் மெத்தடோன் கிளினிக்: ஜோனிங்கைக் காட்டித் தடுக்க முடியுமா?

பென்சில்வேனியாவில் ஒரு டவுன்ஷிப்பில் குடியிருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டிலிருந்து 400 அடி தூரத்தில், பல் டாக்டர் காலி செய்துவிட்டுப் போன கட்டடத்தில், மெத்தடோன் கிளினிக் (ஹெராயின் போன்ற போதைப் பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் என்ற மருந்து கொடுக்கும் இடம்) திறக்க விண்ணப்பம் வந்திருக்கிறதாம். மகள் ஸ்கூல் பஸ் ஏறுவதும் அந்த முனையில்தான். எதிர்ப்பு மனுவுக்கு 80 வீடுகளில் கையெழுத்து வாங்கியாயிற்று, அடுத்த வாரம் ஹியரிங். "ஜோனிங்கைக் காட்டி, அதாவது எந்த இடத்தில் எது வரலாம் என்ற உள்ளூர் விதியைக் காட்டி, குடியிருப்புக்குப் பக்கத்தில் இது கூடாது என்று சொல்லி நிறுத்த முடியுமா?" என்று கேட்கிறார்.

அந்தக் காரணத்தைச் சொல்லி நிறுத்த முடியாது. உங்களுக்குப் பிடிக்காத பதில்தான், ஆனால் ஹியரிங்குக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பது மாதிரியே ஒரு சட்டம் உங்கள் மாநிலத்தில் இருந்தது. பள்ளி, பூங்கா, வழிபாட்டு இடம், குடியிருப்புப் பகுதி இவற்றிலிருந்து 500 அடிக்குள் மெத்தடோன் கிளினிக் கூடாது, வேண்டுமானால் உள்ளூர் மன்றம் ஹியரிங் நடத்தி ஓட்டுப் போட்டு அனுமதிக்கலாம் என்றது அது. ரெடிங் நகர மன்றம் அந்தச் சட்டப்படி ஒரு கிளினிக்குக்கு அனுமதி மறுத்தது. கிளினிக்கும் சில நோயாளிகளும் வழக்குப் போட்டார்கள். 2007-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் (மூன்றாம் வட்டம், உங்கள் மாநிலம் அதில்தான் வருகிறது) அந்த 500 அடி விதியே 1990-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு, அதாவது ஏ.டி.ஏ.வுக்கு, முரணானது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே கலிபோர்னியாவின் ஆண்டியாக் (1999), கென்டக்கியின் கவிங்டன் (2002) வழக்குகளிலும் ஜோனிங் முடிவுகள் ஏ.டி.ஏ.வுக்குக் கட்டுப்பட்டவை என்று நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன.

போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை எடுப்பவரையும் இந்தச் சட்டம் பொதுவாக மாற்றுத்திறனாளியாகவே பார்க்கிறது. இன்னும் சட்டவிரோதமாகப் போதைப்பொருள் எடுப்பவருக்குப் பொதுவாக அந்தப் பாதுகாப்பு இல்லை, விட்டுவிட்டுச் சிகிச்சையில் இருப்பவருக்கு உண்டு. "இவர்கள் வந்தால் ஆபத்து" என்று டவுன்ஷிப் சொல்ல வேண்டுமானால் அந்த ஆபத்து பெரியது என்பதற்கு ஆதாரம் வைக்க வேண்டும், அக்கம்பக்கத்தாரின் பயம் ஆதாரமாகாது. ரெடிங் வழக்கில் அப்படி ஆதாரம் எதுவும் இல்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. டவுன்ஷிப் தோற்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் ஃபீஸையும் கட்ட வேண்டி வரலாம், அது உங்கள் வரிப்பணம்.

இன்னொன்று, ஹியரிங்கில் பேசுவதெல்லாம் பதிவாகும். யாராவது மைக்கைப் பிடித்து "போதைக்காரர்கள் நம் பிள்ளைகளைக் கெடுத்துவிடுவார்கள்" என்றால், பிறகு அந்த வார்த்தைகளைத்தான் கிளினிக்கின் வழக்கறிஞர் கோர்ட்டில் முதலில் வாசித்துக் காட்டுவார்.

சரி, செய்யக்கூடியது என்ன? முதலில் நோட்டீஸைப் படியுங்கள். அந்த இடத்தில் மருத்துவ அலுவலகம் நேரடியாக அனுமதிக்கப்பட்டதா, நிபந்தனையோடு அனுமதிக்கப்பட்டதா, அல்லது விதியிலிருந்தே விலக்கு கேட்கிறார்களா? விலக்கு என்றால் அந்த நிலத்துக்கே உள்ள கஷ்டத்தை விண்ணப்பதாரர் நிரூபிக்க வேண்டும், அங்கே நீங்கள் கேள்வி கேட்க நிறைய இடம் இருக்கிறது. நிபந்தனை அனுமதி என்றால் வேறு எந்த மருத்துவமனையிடமும் கேட்கிற கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை கார் நிற்கும், வெளி விளக்கு எப்படி, காத்திருப்பவர்கள் கட்டடத்துக்குள்ளேயே உட்கார இடம் உண்டா என்று. இந்த மாதிரி கிளினிக்குகள் பெரும்பாலும் விடியற்காலையிலேயே திறந்துவிடும், வேலைக்குப் போகிறவர்கள் மருந்து வாங்கிக்கொண்டு போவதற்காக. அந்த நேரமும் ஸ்கூல் பஸ் நேரமும் மோதுகிறதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் 2024-ல் மாறிய ஃபெடரல் விதிப்படி ஒரு மாதம் சிகிச்சையில் இருந்தவருக்கு 28 நாள் மருந்து வரை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்பதால், தினமும் எவ்வளவு பேர் வருவார்கள் என்பதை ஊகிக்காமல் அவர்களிடமே கேளுங்கள்.

ஹியரிங் தொடங்கும்போதே உங்களை ஒரு தரப்பாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சும்மா பேசிவிட்டு உட்கார்ந்தால் பின்னால் அப்பீல் போக முடியாமல் போகலாம், அப்பீலுக்கும் 30 நாள்தான் கெடு. வீட்டு விலை இறங்கும் என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

நான் ஒருமுறை இப்படி ஒரு கிளினிக்குக்காக ஆஜரானபோது காலை ஐந்தரை மணிக்கு அங்கே போய் நின்றேன். வரிசையில் கட்டட வேலைக்காரர் ஒருவர், யூனிஃபார்மில் ஒரு நர்ஸ், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா. பத்து நிமிடத்தில் மருந்தைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். உங்கள் தெரு முனைக்கு வரப்போகிறவர்களும் இவர்களைப் போன்றவர்கள்தான், சிகிச்சை கிடைக்காவிட்டால் சாகக்கூடியவர்கள். மகளைப் பற்றிய உங்கள் கவலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதனால்தான் பஸ் நேரத்தைப் பற்றிக் கேளுங்கள் என்கிறேன்.

அப்புறம் அந்த மனுவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். "போதை அடிமைகள்" என்ற சொல் அதில் இருந்தால் அதை அப்படியே கொடுக்காதீர்கள். பார்க்கிங், விளக்கு, பஸ் நேரம் என்று புதிதாக எழுதி, கையெழுத்தை மறுபடி வாங்குங்கள். ஒரு வாரம் இருக்கிறதே.