மின்சாரக் கார் புகையைக் குறைக்கிறதா, இல்லை மின் நிலையத்துக்கு இடம் மாற்றுகிறதா?

குறைக்கத்தான் செய்கிறது. எவ்வளவு என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: சார்ஜ் ஏற்றும் மின்சாரம் எதிலிருந்து வருகிறது, பேட்டரி எவ்வளவு பெரியது.

இடம் மாற்றம்தான் என்று சொல்பவர்கள் பக்கமும் உண்மை இருக்கிறது. ஷோரூமை விட்டு வெளியே வரும் நாளில், அதே அளவு பெட்ரோல் காரைவிட மின்சாரக் காருக்குத்தான் கார்பன் கணக்கு, அதாவது தயாரிப்பில் வெளியான கார்பன், அதிகம். லித்தியம், நிக்கல் போன்றவற்றை வெட்டி எடுத்துச் சுத்திகரிக்கவும், அவற்றைக் கொண்டு பேட்டரி செல்களைத் தயாரிக்கவும் ஏராளமான ஆற்றல் செலவாகிறது. இந்தக் கடனை ஓட்டி ஓட்டித்தான் அடைக்க வேண்டும். பெரும்பாலும் நீர்மின்சாரத்தில் இயங்கும் நார்வேயில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். நிலக்கரியை நம்பியிருக்கும் இடங்களில் பல வருடங்கள் இழுக்கும்.

அப்படியும் மின்சாரக் கார் முந்துவதற்குக் காரணம் மோட்டார். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தை எட்டுகிறது, மிச்சமெல்லாம் வெப்பமாகப் போய்விடும். மின்சாரக் காரில் முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்துக்கு வருகிறது. ஆனால் அனல்மின் நிலையத்திலேயே நிலக்கரியின் ஆற்றலில் பாதிக்கு மேல் வீணாகிறது. அதனால் முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால் இந்த லாபம் மிகவும் சுருங்கிவிடும்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. ஒரு லிட்டர் பெட்ரோலை இன்று எரித்தாலும் பத்து வருடம் கழித்து எரித்தாலும் அதே கார்பன்தான் வெளியே வரும். மின்கட்டமைப்பில் சூரிய மின்சாரமும் காற்றாலையும் சேரச் சேர, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரக் காரும் சுத்தமாகிக்கொண்டே வரும். காரில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டாம். தெருவில் நடந்து போகும் குழந்தையின் மூக்குக்கு நேராகப் புகை வராது என்பதும் சின்ன விஷயமில்லை. டயர் தேய்ந்து வரும் தூசி மட்டும் இருக்கும், எடை கூடினால் அதுவும் கூடும்.

சுரங்கங்களை நினைத்தால் மனசு கனக்கிறது. பல பேட்டரிகளில் சேர்க்கப்படும் உலோகம் கோபால்ட். உலகின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் குழந்தைகளும் வேலை செய்கிறார்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வகை பேட்டரிகளில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. அதே அளவு மின்சாரத்தைச் சேமிக்கக் கொஞ்சம் அதிக எடை ஆகும், அவ்வளவுதான். வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் விருப்பம். பழைய பேட்டரியிலிருந்து உலோகங்களை மீட்கவும் முடியும். 2031 முதல் புதிய கார் பேட்டரிகளில் உள்ள கோபால்ட்டில் 16 சதவீதமும் லித்தியத்தில் 6 சதவீதமும் மறுசுழற்சியில் வந்ததாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டமே போட்டது.

நான் கோபப்படுவது ராட்சத மின்சார வண்டிகளைப் பார்த்துத்தான். ஹம்மர் என்ற அமெரிக்க வண்டியின் மின்சார வடிவம் நான்கு டன்னுக்கு மேல் எடை, அதன் பேட்டரியில் 200 கிலோவாட்-மணிநேரத்துக்கு (யூனிட்டுக்கு) மேல் மின்சாரம் கொள்ளும். அந்த ஒரு பேட்டரியைக் கொண்டு நான்கு சிறிய கார்களை ஓட்டலாம். ஒரே ஆளை அலுவலகத்துக்குக் கூட்டிப்போக இவ்வளவு உலோகத்தைத் தோண்டுவதைச் சுற்றுச்சூழல் பெயரில் நியாயப்படுத்த முடியாது.

அன்றாடச் சிக்கல்களில் பெரியது சார்ஜிங். சொந்தமாக கார் நிறுத்தும் இடம் இருந்தால் இரவில் செருகிவிட்டுத் தூங்கலாம். அடுக்குமாடியில் இருப்பவருக்கும் தெருவோரம் நிறுத்துபவருக்கும் பொது சார்ஜர்தான் கதி. வேக சார்ஜரும் 80 சதவீதத்தைத் தாண்டினால் மெதுவாகிவிடும். கடுங்குளிரில் ஓடும் தூரமும் குறையும். பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்ற பயம் மட்டும் தேவைக்கு மீறியது. பல நிறுவனங்கள் 8 வருட உத்தரவாதம் தருகின்றன.

சரி, யார் மாற வேண்டும்? எப்போதாவது காரை எடுப்பவர் நன்றாக ஓடும் பழைய காரையே வைத்துக்கொள்ளலாம், புது பேட்டரியின் கடனை அடைக்க அவருக்கு வெகுகாலம் ஆகும். நாள் முழுக்க நகருக்குள் சுற்றும் வாடகைக் கார்களும் டெலிவரி வேன்களும் அந்தக் கடனைச் சீக்கிரம் அடைத்துவிடும். அரசு மானியமும் சார்ஜர்களும் முதலில் அவர்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.