ஸ்பேட்பர்குண்டரும் அதற்கேற்ற உணவும்: கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மனியிலிருந்து வந்த சிவப்பு ஒயின் புட்டியில் 'ஸ்பேட்பர்குண்டர், ட்ரோக்கன்' என்று அச்சிட்டிருக்கிறது. இதில் இனிப்பே இருக்காதா?

பதில்: நாக்குக்குத் தெரியும் அளவுக்கு இருக்காது. லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை எஞ்சியிருந்தால் ட்ரோக்கன் என்று குறிப்பிடலாம். புளிப்பின் அளவைவிடச் சர்க்கரை 2 கிராமுக்கு மேல் மிகாமல் இருந்தால் 9 கிராம் வரை விதி இடம் கொடுக்கிறது. ஸ்பேட்பர்குண்டர் என்பது பிரான்சின் பர்கண்டியில் விளையும் அதே பினோ நுவார் திராட்சைதான். தோல் மெல்லியது என்பதால் நிறமும் துவர்ப்பும் குறைவு. எனவே உணவோடு சேர்க்கும்போது இதன் துவர்ப்பைவிடப் புளிப்பையே முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கு, பாடன் ஆகிய இரண்டு ஒயின் பகுதிகளில் எதன் ஸ்பேட்பர்குண்டரை வாங்கலாம்?

பதில்: சமைக்கப்போவது என்ன என்பதைப் பொறுத்தது. பான் நகருக்குத் தெற்கே, செங்குத்தான ஸ்லேட் பாறைச் சரிவுகளில் விளையும் ஆர் ஒயின்களில் பெரும்பாலும் செர்ரி மணமும் கூர்மையான புளிப்பும் முன்னிற்கும். பாடனின் கைசர்ஸ்டூல் எரிமலைப் பாறையும் லெஸ் எனும், காற்று கொண்டுவந்து படிந்த நுண்மண்ணும் கலந்த வெப்பமான பகுதி. அங்கு பழம் நன்கு முதிர்வதால் ஒயின் சற்றுக் கனமாக இருக்கும். காளானுக்கும் கோழிக்கும் முன்னதையும், மான் இறைச்சிக்குப் பின்னதையும் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: நவம்பரில் மார்ட்டின் திருநாளுக்கு வாத்தும் சிவப்பு முட்டைக்கோசும் சமைக்கிறோம். பொருந்துமா?

பதில்: மிக நன்றாகப் பொருந்தும். வறுத்த வாத்தின் கொழுப்பு வாயில் படிந்து நிற்கும். ஒயினின் புளிப்பு அதைக் கழுவி, அடுத்த கவளத்துக்கு நாக்கைத் தயார்படுத்தும். முட்டைக்கோசில் ஆப்பிளையும் கிராம்பையும் தாராளமாகச் சேருங்கள். சர்க்கரையை மட்டும் கை அடக்கிப் போடுங்கள்.

கேள்வி: ரைன்லாந்து முறைச் சவர்பிராட்டனோடு குடித்தபோது ஒயின் வெறும் புளித்த நீராகத் தோன்றியது. ஒயின் கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருக்க வாய்ப்பில்லை, காரணம் குழம்பில் இருக்கிறது. வினிகரில் நாள்கணக்கில் ஊறிய மாட்டிறைச்சியின் குழம்பில் உலர்திராட்சையும், பல வீடுகளில் சர்க்கரை பீட்டிலிருந்து எடுத்த பாகும் சேர்கின்றன. தட்டில் இருக்கும் இனிப்பு ஒயினில் இருப்பதை மிஞ்சும்போது பழச்சுவை மறைந்து புளிப்பு மட்டுமே எஞ்சும். இறைச்சி எது என்பதைவிடக் குழம்பு எப்படிப்பட்டது என்பதே ஒயினைத் தீர்மானிக்கிறது என்று நான் வலியுறுத்திச் சொல்வது இதனால்தான். உலர்திராட்சையைக் குறைத்துப் பாருங்கள். அல்லது அந்த உணவுக்கு, சிறிது இனிப்பு எஞ்சிய ஹால்ப்ட்ரோக்கன் வகையை எடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். எங்களுக்கும் ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. வெண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கிய பிஃபர்லிங் காளான் இந்த ஒயினுக்குக் கிடைத்த பேறு என்றே கூறுவேன். முதிர்ந்த ஸ்பேட்பர்குண்டரில் எழும் ஈரமண் மணம் காளானின் மணத்தோடு ஒன்றிப்போகும். முட்டை சாப்பிடுவீர்களானால், பாலாடைக்கட்டி சேர்த்த ஸ்பெட்ஸ்லே எனும் முட்டை மாவு நூடுல்ஸும் நல்லது.

கேள்வி: எந்தக் குளிர்ச்சியில் பரிமாறலாம்?

பதில்: 14 முதல் 16 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் சூடேறினால் ஆல்கஹாலின் நெடி மணத்தை மூடிவிடும்.

கேள்வி: வறுத்த வெங்காயத்தோடு பரிமாறும் மாட்டிறைச்சி ரோஸ்ட்பிராட்டனுக்கும் இதுவே போதுமா?

பதில்: அதற்கு வூர்ட்டம்பெர்க் பகுதியின் லெம்பெர்கர் எனும் சிவப்பு ஒயினை வாங்குங்கள். அந்தப் பகுதியில் வாழும் ஸ்வாபியர்களின் உணவு அது. கருகலாக வறுபட்ட வெங்காயத்துக்கு ஈடுகொடுக்கும் மிளகு மணமும் துவர்ப்பும் அவர்களது ஒயினிலேயே இருக்கின்றன.