பைக்கைத் தம்பி பெயருக்கு மாற்றிய பிறகு…

கேள்வி: வயது 29. திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். ஐந்து மாதமாகத் தூக்கமில்லை, படபடப்பு, முடி கொட்டுகிறது. யூடியூபில் பார்த்தால் பைபோலார் (மனநிலை ஏறி இறங்கும் நோய்) மாதிரி தெரிகிறது. இரண்டு மாதமாக அம்மாவின் தூக்க மாத்திரையில் பாதி போடுகிறேன். மூன்று முறை கவுன்சலிங் போனேன், கட்டணம் கட்டுப்படியாகவில்லை. போன வாரம் பைக்கைத் தம்பி பெயருக்கு மாற்றி, சீட்டுப் பணத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். இப்போது மனசு லேசாக இருக்கிறது. வீட்டுக்கும் கம்பெனிக்கும் தெரியாமல் யாரிடமாவது பேச முடியுமா?

பதில்: முடி கொட்டுவதை விடுங்கள். மாதக்கணக்கில் தூங்காதவருக்கு முடியும் கொட்டும், நெஞ்சும் படபடக்கும். பைபோலாரா இல்லையா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும், யூடியூப் வேண்டாம்.

நான் நின்றுபோனது பைக்கைப் பற்றி நீங்கள் எழுதிய வரியில்தான். மாதக்கணக்கில் தவித்த ஒருவர் கணக்கையெல்லாம் தீர்த்துவிட்டு, திடீரென்று மனசு லேசாகிவிட்டது என்றால் எந்த மனநல மருத்துவரும் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார். அதனால் நேராகவே கேட்கிறேன்: தற்கொலை எண்ணம் இருக்கிறதா? கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது பொய். உங்களுக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

‘ஆமாம்’ என்றால், மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். பெயரைச் சொல்லத் தேவையில்லை. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். வீட்டில் பேச முடியாவிட்டால் மொட்டை மாடிக்குப் போங்கள், இல்லை பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்காருங்கள். பேசி முடித்ததும் போனில் அந்த அழைப்பை அழித்துவிட்டால் வீட்டில் யார் கண்ணிலும் படாது.

ரகசியம் பற்றிய உங்கள் பயம் புரிகிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் உங்களுடையது. கம்பெனிக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். சில விதிவிலக்குகள் உண்டு. அதில் முக்கியமானது: உயிருக்கு ஆபத்து என்றால், அதைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் சொல்லலாம். அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அப்புறம் போலீஸ் பயம். பலர் வாய்விட்டுக் கேட்காமல் மனசுக்குள் வைத்திருப்பார்கள். எண்ணம் வந்ததற்காக யார் மீதும் வழக்கு கிடையாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை.

கவுன்சலிங் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் வழி அடைத்துப்போனதாக நினைக்காதீர்கள். அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு வாங்கி உட்கார்ந்தால் போதும், மாத்திரையும் இலவசம். வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்தால்? தூக்கம் வரவில்லை என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லையே.

இனி அந்தப் பாதி மாத்திரை. அம்மாவுக்கு எழுதிய மருந்தை நீங்கள் ஏன் போடுகிறீர்கள் என்று திட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் இரண்டு மாதம் போட்டதை இன்றே சட்டென்று நிறுத்தாதீர்கள், அதிலும் சிக்கல் உண்டு. மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்பார். அதன்மேல் மது குடிக்கவே கூடாது. மாத்திரை அட்டைகள் இனி உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம், அக்கா எடுத்து வைக்கட்டும்.

அப்படியானால் அக்காவுக்குத் தெரிந்துவிடுமே என்பீர்கள். தெரியட்டும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், ஆனால் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்தே ஆக வேண்டும். அக்காவிடம் வாய் வரவில்லையென்றால் தம்பியிடம் சொல்லுங்கள். நாளை காலை ஆஸ்பத்திரிக்கு அவனையே அந்த பைக்கை ஓட்டச் சொல்லி, நீங்கள் பின்னால் உட்காருங்கள்.