ஹாங்காங்கின் தரைத்தளம்

அன்புள்ள ஐயா,

ஹாங்காங் பற்றி நீங்கள் எழுதியதை நம்பித்தான் சென்ற மாதம் குடும்பத்தோடு போய்வந்தோம். விக்டோரியா பீக் ஏறினோம், துறைமுகத்து ஒளிக்காட்சி பார்த்தோம். மற்றபடி எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் முந்தினதைப் போலவே இருந்தது. பழசு என்று எதையாவது விட்டுவைத்திருக்கிறார்களா? இரண்டு வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே நடக்கும் சீன வாஸ்துச் சண்டையை வழிகாட்டி சொன்னார். அது ஒன்றுதான் மனதில் நிற்கிறது. அப்படி என்னதான் பார்த்தீர்கள் அங்கே?

ஆர், கோவை

அன்புள்ள ஆர்,

உங்கள் வழிகாட்டி சொன்னது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. ஐ.எம். பெய் வடிவமைத்த சீன வங்கிக் கோபுரத்தின் கூரான விளிம்புகள் அக்கம்பக்கத்தைக் கத்தியாய்க் குத்துகின்றனவாம், பதிலுக்கு எச்.எஸ்.பி.சி. வங்கி மொட்டைமாடியில் பீரங்கிகளை நிறுத்தியதாம். பீரங்கி என்று காட்டப்படுவது கட்டடப் பராமரிப்புக்கான கிரேன். சுவையான கதை, கெடுக்க மனமில்லை. ஆனால் அது உங்களை அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டது. எச்.எஸ்.பி.சி. வங்கியில் பார்க்க வேண்டியது அதன் அடியில் இருக்கிறது.

நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985-இல் கட்டி முடித்த கட்டடம் அது. தளங்களை வழக்கம்போல் கீழிருந்து தாங்காமல், எஃகுக் கம்பங்களை நட்டு அவற்றிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார். தரைத்தளத்தைச் சுவர் வைத்து அடைக்காமல் பொதுவழியாக விட்டார்கள். வங்கியின் வயிற்றுக்கடியில் புகுந்து அடுத்த தெருவுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் கால் வைக்க இடம் இருந்திருக்காது. வீட்டுவேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு, சீட்டாட்டம், ஊருக்கு வீடியோ அழைப்பு எல்லாம் அங்கேதான். வாரம் ஒரு நாள் விடுப்பு அவர்களுக்குச் சட்டப்படி உண்டு. வேலை செய்யும் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பதும் விதி. அந்த ஊர் ஃபிளாட்டில் வீட்டுக்காரருக்கே இடம் போதாது. விடுப்பு நாளில் இவர்கள் எங்கே போவார்கள்? ஃபாஸ்டர் இதற்காக அந்த இடத்தை விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் எனக்கு அந்தக் கட்டடம் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம்.

வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்களைப் பார்த்திருப்பீர்கள். முந்தைய கட்டடத்துக்காக 1935-இல் வார்த்தவை. போரின்போது ஜப்பானியர்கள் உருக்குவதற்காகக் கப்பலேற்றிக் கொண்டுபோக, போர் முடிந்ததும் திரும்பி வந்தவை. உடம்பில் குண்டுத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

பழசு எங்கே என்கிறீர்கள். கட்டடங்களை இடித்துவிட்டார்கள், சரி. தெருக்கள் இருக்கின்றனவே. வங்கியை ஒட்டிப் போகும் குயின்ஸ் ரோடுதான் 1840-களில் கடற்கரைச் சாலை. பிறகு கடலைத் தூர்த்து டே வூ ரோடு, அதற்கும் அப்பால் கனாட் ரோடு. 1841-இல் ஆங்கிலேயர் கொடியேற்றிய கரை இன்று பொசெஷன் ஸ்ட்ரீட். அங்கே நின்றால் கடல் கண்ணிலேயே படாது. அங்கிருந்து துறைமுகம் வரை நடந்தால் மூன்று பழைய கரைகளைத் தாண்டுகிறீர்கள்.

நிலமில்லை, அதனால் உயரம் என்று சொல்வது பாதிதான் உண்மை. ஹாங்காங் நிலப்பரப்பில் கட்டடம் எழுந்தது கால்வாசிக்கும் குறைவு. பாக்கி மலையும் காடும். நிலமெல்லாம் அரசுடையது, குத்தகைக்குத்தான் விடுவார்கள். செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்து மனை மட்டும் விதிவிலக்கு. குத்தகைப் பணம் கஜானாவுக்குப் பெரிய வரும்படி. வரும்படி தருகிற நிலத்தை எந்த அரசு அவசரப்பட்டு அள்ளிக் கொடுக்கும்?

அப்புறம், நேதன் ரோட்டில் சுங்கிங் மேன்ஷன்ஸ். 1961-இல் கட்டிய, ஐந்து பிளாக்குகள் கொண்ட 17 மாடி. வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் புகார் நியாயம்தான், பார்க்கச் சகிக்காது. கீழ்த்தளத்துக்குள் நுழையுங்கள்: பணம் மாற்றும் கடை, செல்பேசி மொத்த வியாபாரம், சமோசா, பேரம் பேசும் ஆப்பிரிக்க வணிகர்கள், சின்னஞ்சிறு லிஃப்டுக்கு நீளும் வரிசை. அந்த வட்டாரத்தில் தமிழும் காதில் விழும். காயல்பட்டினத்து ரத்தின வியாபாரிகளுக்கு ஹாங்காங் புதிய ஊரில்லை. கொஞ்ச தூரத்தில் கவ்லூன் மசூதி. அதன் முதல் கட்டடம் 1896-இல் ஆங்கிலேயப் படையில் இருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்காக எழுந்தது.

குவாரி பேயில் 'ராட்சசக் கட்டடம்' என்று படம் எடுக்கக் கூட்டம் கூடுகிறதே, அதற்குப் போகச் சொல்ல எனக்குத் தயக்கம். 1960-களில் எழுந்த ஐந்து குடியிருப்புகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் இடம் அது. முற்றத்தில் நின்று மேல்நோக்கிப் படமெடுப்பவர்களைப் பார்த்துச் சலித்து, குடியிருப்பவர்கள் அறிவிப்பே வைத்துவிட்டார்கள். கீழே இருக்கும் கடைகளில் எதையாவது வாங்கப் போவதானால் போங்கள்.

மறுபடி போனால், அந்த வங்கிகள் இருக்கும் சென்ட்ரல் வட்டாரத்திலிருந்து மலைமேல் ஏறும் நகரும் படிக்கட்டில் ஒருமுறை போய்ப் பாருங்கள். 1993-இல் திறந்தது, 800 மீட்டருக்கு மேல் நீளம், துண்டு துண்டாக இருக்கும். எந்தத் துண்டிலும் இறங்கிப் பக்கத்துச் சந்துக்குள் நுழையலாம். காலை 10 மணிக்கு முன்னால் மட்டும் போக வேண்டாம். வேலைக்குப் போகிறவர்களுக்காக அதுவரை அது கீழ்நோக்கியே ஓடும். நீங்கள் மூச்சு வாங்கப் பக்கத்துப் படிகளில் ஏற வேண்டியிருக்கும்.